அண்ணாச்சி பதில்கள்: அது அரிசி இல்லை, சோறு

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் இருந்த என்னை ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்துச் சத்ரபூர் ஆலைக்கு மாற்றினார்கள், அங்கே விடிய விடிய 'யாத்ரா' நாடகம் பார்த்துத்தான் ஒடியா படித்தேன் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் இவை. வில்லுப்பாட்டுக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

"அண்ணாச்சி, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற குறிப்பில் 'காளிசரண் பட்நாயக், ஒடியா நாடகாசிரியர், அரிசி (1944)' என்று ஒரு வரி இருக்கிறது. அரிசியைப் பற்றி நாடகம் எழுத என்ன இருக்கிறது?" (கல்லூரி மாணவி, தக்கலை)

முதலில் அந்தக் குறிப்பில் பேனாவால் ஒரு திருத்தம் போட்டுக்கொள்ளுங்கள் மகளே. நாடகத்தின் பெயர் 'சோறு'. ஒடியாவில் 'பாத'. கடைசி எழுத்தை வாயைக் குவித்து 'பாதொ' என்கிற மாதிரி சொல்வார்கள். ஓட்டலில் வாங்கிபாத், பிசிபேளாபாத் என்று கேட்கிறோமே, அந்தப் 'பாத்'தும் இதுவும் ஒரே குடும்பம். யாரோ ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்று எழுதியிருப்பார், அதைப் பார்த்து இன்னொருவர் தமிழில் 'அரிசி' என்று இறக்கி வைத்திருப்பார். வெள்ளைக்காரனுக்கு வயலில் நிற்பதும் ரைஸ், சாக்கில் கிடப்பதும் ரைஸ், இலையில் விழுவதும் ரைஸ். நமக்கு நெல், அரிசி, சோறு, மறுநாள் காலையில் பழஞ்சி. ஒடியாக்காரர்களுக்கும் அச்சு அசலாக அப்படியே: தான, சாவுள, பாத, பக்காள. நாலும் நாலு பேர் கையில் இருக்கும் பொருள். நெல் ஜமீன்தாரின் பத்தாயத்தில் கிடக்கும், அரிசி கடைக்காரரிடம் இருக்கும், சோறு அடுப்பு எரிந்த வீட்டில்தான் இருக்கும். அந்த நாடகம் நடப்பதே இந்தத் தூரத்துக்குள்தான். ஒரு பக்கம் நிலம் வைத்திருப்பவன், இன்னொரு பக்கம் அதில் பாடுபட்டும் வயிறு நிறையாதவன். பெயரை 'அரிசி' என்று வைத்தால் பலசரக்குக் கடை விலைப்பட்டியல் மாதிரி ஆகிவிடுகிறது.

அது வந்த வருடத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது, பர்மா அரிசி நின்றது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம், அது ஒடிசாவின் கரையோரத்தையும் விடவில்லை. அதற்கும் முன்னால் 1866இல் ஒரு பெரும் பஞ்சம். 'ந-அங்க' பஞ்சம் என்பார்கள், பூரி ராஜாவின் ஆட்சிக் கணக்கில் ஒன்பதாவது வருடம் என்று அர்த்தம். ஒடிசா மக்களில் மூன்றில் ஒரு பங்கு அதில் செத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு. அந்த நினைப்பு பாட்டிமார் வாயிலிருந்து இன்னும் போகாத ஊரில், 1944இல், மேடைத் திரையில் 'பாத' என்று எழுதி வைத்தால் டிக்கெட் வாங்குகிறவனுக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

நம் ஊருக்கும் இது தூரத்துக் கதை இல்லை. திருவிதாங்கூருக்கு நாஞ்சில் நாடுதான் நெற்களஞ்சியம், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளையும். ஆனாலும் சமஸ்தானம் முழுக்கப் போதாது, பர்மா அரிசி வந்தால்தான் அடுப்பு எரியும். அது நின்றபோது என் அம்மா சின்னப் பிள்ளை. காலையில் மரச்சீனிக் கிழங்கு, மத்தியானம் மரச்சீனி, ராத்திரிக்கு உணக்க மரச்சீனியை, அதாவது காயவைத்த கிழங்கை, தண்ணீரில் போட்டு அவித்தது. வயலில் அறுப்பு நடக்கும், குத்தகை நெல் பாட்டமாக அளந்து போகும், வீட்டில் கிழங்குதான் என்று சொல்வாள். கடைசி வரைக்கும் என் அம்மா வெள்ளிக்கிழமைகளில் மரச்சீனி வாங்க விட்டதில்லை. என்ன காரணம் என்று நான் கேட்டதும் இல்லை. சத்ரபூரில் ஒரு நண்பர் இந்த நாடகத்தின் பெயரைச் சொல்லி, வருடத்தையும் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த உணக்கக் கிழங்கின் புளிப்பு வாடைதான்.

"அவர் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். நம் டி.கே.எஸ். சகோதரர்கள் மாதிரி நாடகக் கம்பெனி நடத்தியவரா, அல்லது வீட்டில் உட்கார்ந்து எழுதியவரா?" (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாரம்)

கம்பெனி நடத்தியவர்தான் சார். 1898இல் படம்பா என்கிற சின்ன சமஸ்தானத்தில் பிறந்தார். ஒடிசாவில் அந்தக் காலத்தில் இப்படிக் குட்டிக் குட்டி சமஸ்தானங்கள் நிறைய. ராஜாவுக்குச் சங்கீதம் பிடித்தால் ஊரில் சங்கீதம் இருக்கும், பிடிக்காவிட்டால் வேட்டைநாய் இருக்கும். காளிசரண் பாட்டும் தாளமும் தெரிந்த ஆள். கிருஷ்ண லீலை ஆடுகிற 'ராச' குழுவில் தொடங்கி நாடகத்துக்கு வந்தவர். கவிஞரும்கூட. 'கவிச்சந்திர' என்ற பட்டம் பெயரோடு ஒட்டியே போய்விட்டது, அங்கே யாரும் அதை விட்டுவிட்டு அவர் பெயரைச் சொல்வதில்லை. நாம் கலைவாணர் என்றால் போதும், ஒழுகினசேரிக்காரர் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை இல்லையா, அந்த மாதிரி.

1939இல் கட்டக் நகரத்தில் 'ஒரிசா தியேட்டர்ஸ்' என்று ஆரம்பித்தார். இந்த வருடத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒடியா பேசுகிற பகுதிகளைச் சேர்த்துத் தனி மாகாணம் ஆக்கியது 1936 ஏப்ரல் 1. அதுவரைக்கும் நான் வேலை பார்த்த கஞ்சம் மாவட்டம் எங்கே இருந்தது தெரியுமா? நம் சென்னை ராஜதானியில். கோட்டையில் தமிழரும் தெலுங்கரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட, அங்கே ஒடியாக்காரர்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவனந்தபுரத்தைப் பார்த்து மனு எழுதிய நமக்கு அந்த வலி சொல்லாமலே தெரியும். மாகாணம் கிடைத்து மூன்றே வருடத்தில் அதன் பெயரையே பலகையில் எழுதி ஒருவர் நாடகக் கொட்டகை நடத்துகிறார் என்றால் அது வெறும் டிக்கெட் வியாபாரம் இல்லை. டிக்கெட் வியாபாரமும்தான், அதை மறைக்க வேண்டாம். நடிகனுக்கு மாதச் சம்பளம், சாப்பாடு, ஒத்திகை, தினம் காட்சி என்று நடத்த வேண்டுமே.

அதுவரை ஒடியா மேடையில் அதிகமும் புராணமும் ராஜா கதையும்தான். வசனமும் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரும். இவர் மேடையில் குடியானவனை நிறுத்தினார், வேலைக்குப் போகிறவனை நிறுத்தினார். 'சாக்ரி' என்றே ஒரு நாடகம், 'உத்தியோகம்' என்று சொல்லலாம். 'கேர்ள்ஸ் ஸ்கூல்' என்று ஒன்று, பெயர் ஆங்கிலத்திலேயே. 'ரக்த மாட்டி' என்று ஒன்று, மாட்டி என்றால் மண், ரத்த மண். பழசையும் விடவில்லை, கீதகோவிந்தம் எழுதிய ஜயதேவரைப் பற்றியும் நாடகம் உண்டு. பாட்டு இல்லாமல் அவரால் இருக்க முடியாது. நம் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்தவர்களுக்கு வசனத்துக்கு நடுவே பாட்டு எப்படி இயல்போ, அப்படி.

இன்னொன்று. ஒடிசி நடனம் என்று இன்று உலகம் சொல்கிறதே, அந்த 'ஒடிசி' என்ற பெயர் அந்த ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நிலைத்ததில் இவர் பங்கு பெரிது. 1958இல் டெல்லியில் நடந்த நடனக் கருத்தரங்கில், இது பரதநாட்டியத்தின் கிளை இல்லை, தனிச் சாஸ்திர நடனம் என்று எடுத்துச் சொன்னவர்களில் முன்னால் நின்றவர் இவர். நாடகக் கொட்டகைகளுக்கும் அந்த நடனத்துக்கும் கொடுக்கல் வாங்கல் நிறைய. கேலுசரண் மகாபாத்ரா என்ற பெரிய குரு, 'அன்னபூர்ணா தியேட்டர்' மேடையில் மோகினி பஸ்மாசுரன் கதையில் சிவனாக ஆடியவர். மோகினியாக ஆடிய லக்ஷ்மிப்ரியாதான் அப்புறம் அவருக்கு மனைவி. கோயிலில் மங்கிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு நாடகக் கொட்டகை சோறு போட்டது என்று நான் சொன்னால் நடனக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' எழுதினாரே, அதுபோல இவரும் சுயசரிதை எழுதினார். பெயர் 'கும்பார சக்க'. கும்பார என்றால் குயவர், சக்க என்றால் சக்கரம். தமிழில் 'குயவன் திகிரி' என்று வைத்தால் எடுப்பாக இருக்கும். அதற்கு 1977இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அடுத்த வருடம் 1978இல் காலமானார். நாற்பது வருடம் மேடையைச் சுற்றின மனிதருக்கு விருது வந்தது சுயசரிதைக்கு. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஜனங்கள் கையில் ஒன்றும் இருக்காது, புத்தகம்தான் குழுவின் மேசையில் இருக்கும். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"ஒடியாவின் முதல் நாடகமே நம் காஞ்சிபுரத்தைப் பற்றியது என்கிறார்களே, உண்மையா?" (குளச்சல்)

கிட்டத்தட்ட. முதல் நாடகம் ஜகமோகன் லாலா எழுதிய 'பாபாஜி', 1877. போலிச் சாமியாரைக் கிண்டல் செய்வது. ஒரு மொழி இப்படியா தொடங்கும் என்று சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. நீங்கள் சொல்வது மூன்று வருடம் கழித்து வந்த 'காஞ்சி காவேரி', ராமசங்கர ராய் எழுதியது.

கதை அங்கே குழந்தைக்கும் தெரியும். பூரி ராஜா புருஷோத்தம தேவர் காஞ்சி ராஜாவின் மகளைப் பெண் கேட்கிறார். தேரோட்டத்தன்று ஜகந்நாதரின் தேரை ராஜா தங்க விளக்குமாற்றால் கூட்டுவது அங்கே சடங்கு, இன்றைக்கும் நடக்கிறது. 'கூட்டுகிறவனுக்கா என் பெண்ணைக் கொடுப்பேன்' என்கிறார் காஞ்சி ராஜா. போர். முதல் தடவை தோல்வி. இரண்டாம் தடவை ஜகந்நாதரும் அண்ணன் பலபத்ரரும் கருப்புக் குதிரையிலும் வெள்ளைக் குதிரையிலும் முன்னால் போகிறார்கள். வழியில் தாகம். மாணிக்கா என்ற தயிர்க்காரியிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டு, காசில்லை, பின்னால் ராஜா வருவார், அவரிடம் வாங்கிக்கொள் என்று மோதிரத்தைக் கொடுக்கிறார்கள். சாமி கடன் சொல்லித் தயிர் குடிக்கிற இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெயித்து வந்த ராஜா, இளவரசியை ஒரு நிஜமான கூட்டுகிறவனுக்குக் கட்டிவை என்று மந்திரியிடம் விடுகிறார். மந்திரி அவசரப்படவில்லை. அடுத்த தேரோட்டத்தில் ராஜா விளக்குமாறும் கையுமாக நிற்கும்போது பெண்ணைக் கூட்டிவந்து, 'இவரைவிட நல்ல கூட்டுகிறவர் கிடைக்கவில்லை' என்று கையைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்.

காஞ்சிக்கும் காவேரிக்கும் இடையே எத்தனை மைல் என்று நான் அங்கே ஒருவரிடம் வாதாடிப் பார்த்தேன். 'உங்கள் காவேரி எங்கள் நாடகத்தில் இப்படித்தான் ஓடும்' என்று சொல்லிவிட்டார். கதை கதைதான் என்றாலும், 1460களில் ஒடிய கஜபதி ராஜாவின் படை தமிழ்நாட்டுக்குள் வந்துபோனது வரலாறு. அவர்கள் ஜெயித்த கதையை அவர்கள் நாடகமாகப் போட்டார்கள், நாம் அதை மறந்துவிட்டோம்.

"யாத்ரா என்றால் தேரோட்டம்தானே? நாடகத்துக்கு ஏன் அந்தப் பெயர்?" (இரணியல்)

சாமி புறப்பாட்டோடு ஒட்டி ஆடிய ஆட்டம், பெயர் ஒட்டிக்கொண்டது. நம் அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது அறுவடை முடிந்த வயலில். சுற்றிலும் தகர வேலி, நடுவில் பலகை மேடை, மூன்று பக்கமும் ஜனம். ராத்திரி பத்தரைக்கு மேல்தான் ஆரம்பிக்கும், முடியும்போது காக்காய் கத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டி 'முடி காய்பெ?' என்றார். முடி தின்கிறாயா என்று கேட்கிறாரே என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். அவர்கள் ஊரில் முடி என்றால் பொரி. பச்சை மிளகாயும் வெங்காயமும் கடுகெண்ணெயும் போட்டுப் பிசறினது. அதைத் தின்றுகொண்டேதான் மேடையில் மாமியார் கொடுமையைப் பார்த்து அழுதோம்.

இந்த யாத்ராவை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பெரியவர் வைஷ்ணவ பாணி, 1882இல் பிறந்தவர். ஜனங்கள் அவரை 'கணகவி' என்பார்கள், மக்கள் கவி. காளிசரண் டிக்கெட் போட்டுக் கொட்டகைக்குள் கூப்பிட்டார், பாணி வயலுக்கே போனார். எனக்கு இருவரும் வேண்டும். ஆனால் ஒருவரைத்தான் பார்க்கலாம் என்றால், குளிரில் வயலில்தான் உட்காருவேன்.

"நம் மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்து மாதிரி அங்கே உண்டா?" (சுசீந்திரம்)

உண்டு, 'ராவண சாயா', ராவணனின் நிழல். நம் பாவைகளுக்கு ஆட்டுத்தோல், பல வண்ணம், வெளிச்சம் உள்ளே புகுந்து வரும். அவர்களுக்கு மான்தோல், வண்ணமே கிடையாது, கை காலும் தனியாக அசையாது, கன்னங்கரேல் என்று நிழல் மட்டும் விழும். ராமர் கதைதான், ஆனால் பெயர் ராவணனுக்கு.

"பழைய ஆட்களையே சொல்கிறீர்களே, நவீன நாடகம் அங்கே இல்லையா?" (நாகர்கோவில் நாடகக் குழு இளைஞர்)

இருக்கிறது தம்பி. மனோரஞ்சன் தாஸ் எழுதிய 'அரண்ய பசல்', காட்டு விளைச்சல் என்று சொல்லலாம், 1971 சாகித்ய அகாடமி விருது. நாடகத்துக்கே கிடைத்த விருது, அதில் எனக்குச் சந்தோஷம். விஜய் மிஸ்ரா எழுதிய 'சவ வாகக மானே', பிணம் சுமப்பவர்கள், 1960களின் கடைசியில் வந்தது. அவருக்கு 'வனப்பிரஸ்த' நாடகத்துக்காக 2013இல் அதே விருது. இரண்டு பேரையும் தேடிப் படியுங்கள், மேடையில் போட்டுப் பாருங்கள். என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், முன்வரிசையில் நாற்காலி வேண்டும், முட்டு வலி.

"அண்ணாச்சி, நீங்கள் ஒடியா நாடகத்தில் நடித்ததுண்டா?" (திருவட்டாறு)

ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வசனம்.

நமக்குச் சித்திரை விஷு வருகிற அன்றுதான் அவர்களுக்கும் வருடப்பிறப்பு, பணா சங்கராந்தி. வில்வப்பழத்தைக் கரைத்துப் பானகம் கொடுப்பார்கள். குடியிருப்பில் சாயங்காலம் கலைநிகழ்ச்சி. நண்பர்கள் தாங்களே எழுதிய அரைமணி நாடகம், அதில் மூன்று நாள் பட்டினி கிடந்த கூலிக்காரன் நான். முகத்தில் கரி, இடுப்பில் கிழிந்த துண்டு. ஒரு வீட்டு வாசலில் வந்து விழுந்து, 'மா, மோத்தே பாத தியொ', அம்மா எனக்குச் சோறு கொடுங்கள், என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் ஒத்திகை. குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன்.

மேடை ஏறியதும் எதிரே ஐந்நூறு பேர். விழுந்தேன், அது நன்றாகவே வந்தது, முழங்கையில் தோல் உரிந்தது. கையை நீட்டினேன். வாயிலிருந்து வந்தது, 'மா, மோத்தே சாவுள தியொ.' அம்மா எனக்கு அரிசி கொடுங்கள்.

கூட்டத்தில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. அப்புறம் பின்னாலிருந்து ஒருவர், 'சுலியும் வேணுமா?' என்று கேட்டார். சுலி என்றால் அடுப்பு. அவ்வளவுதான், கொட்டகை விழுந்து சிரித்தது. அம்மாவாக நடித்தவர் சமாளிக்கிறேன் என்று உள்ளே போய் ஒரு சுளகை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். சோக நாடகம் அங்கேயே முடிந்தது.

மறுநாளிலிருந்து ஆலையில் என்னைப் பார்க்கிறவனெல்லாம், சாப்பிட்டாச்சா என்ற அர்த்தத்தில் வழக்கமாகக் கேட்கிற 'பாத காய்லணி?' என்பதை விட்டுவிட்டு, 'சாவுள காய்லணி?' என்று கேட்க ஆரம்பித்தான். மாற்றலாகும்வரை விடவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று பிரம்மபூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னல் வழியாக ஒரு துணிப்பையைத் திணித்தார்கள். வண்டி நகர்ந்த பிறகு பிரித்தேன். இரண்டு படி சாவுள இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பொங்கச் சொன்னேன். நம் சம்பா அரிசிக்கு வைக்கிற தண்ணீரையே என் வீட்டுக்காரி வைத்துவிட்டாள், குழைந்துபோனது. அப்படியே உப்புப் போட்டுக் கஞ்சியாகக் குடித்தோம்.